துணுக்கு ‘ஏன்’ துறந்த படலம்

வாழ்க துணுக்கு! எட்டே அகவையினள், விழுந்த முன்பல்லின் வெற்றிடத்தைக் கோட்டை வாயிலாகவும், அதன்வழி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் பாய்ந்துவரும் ‘ஏன்’ என்னும் ஈரெழுத்துச் சொல்லைக் குதிரைப்படையாகவும் கொண்ட வினாவேந்தி, பள்ளிமணி கேளாச் செவியினள், சீருடை தீண்டா மேனியினள், சமையலறை மேசையே வகுப்பறையாகவும் பெற்ற தாயே தலைமையாசிரியையாகவும் வாய்த்த தவத்தினள். அவள் ஒரு வார இறுதியில் ஆடிய பெரும்போரை உரைக்கப் புகுந்தோம். இலைகளை உலுக்கித் தள்ளும் கூதிர்க்காற்றே, எம் தாளை மட்டும் பறக்கவிடாமல் பக்கத்தில் நின்று காத்தருள்க.

போர் மூண்ட கதை கேண்மின். வெள்ளி மாலை, பக்கத்து வீட்டுச் சிறுமி புத்தகப்பையைச் சுழற்றியபடி வேலிக்கு அப்பாலிருந்து வேலொன்றை எறிந்தாள்: “எங்களுக்குத் திங்கக்கிழமை லீவு. உனக்கு?”

தைத்தது. லீவு என்ற ஒன்றைத் தன் வாழ்நாளில் கண்டறியாத துணுக்கு, குருதி சொட்டாக் குறையாக ஓடித் தாயிடம் முறையிட்டாள். தாயோ, “நமக்குத்தான் தினமும் லீவு மாதிரியாச்சே, கண்ணு” என்று சிரித்தாள். லீவு வேறு, லீவு மாதிரி வேறு என்றுணர்ந்த வீராங்கனை, அசல் லீவு ஒன்றை வென்றெடுத்தே தீர்வதென அக்கணமே சூளுரைத்தாள்.

அவ்வில்லத்தில் ஒரு முறைமை உண்டு. மகள் ‘ஏன்’ என்று வாய் திறந்தால் போதும், அது பல் துலக்கும் வேளையாயினும் தாய் அங்கேயே பாடம் தொடங்கிவிடுவாள். ஆகவே நகரப் பேருந்தின் ஓட்டுநரும், நிற்பவர்க்கும் உட்கார்ந்தவர்க்கும் நடுவே இருபதாண்டு சமாதானம் காத்த சான்றோருமாகிய தந்தை, பழைய நேர அட்டவணையின் பின்புறத்தில் உடன்படிக்கை வரைந்தார். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் ‘ஏன்’ என்று யார் கேட்டாலும் அவர் தோற்றவர். துணுக்கு வென்றால் திங்கள் லீவு. தாய் வென்றால் இலைகளைப் பற்றிப் பத்துப் பக்கக் கட்டுரை. அதிலிருந்த ‘யார்’ என்னும் சொல்லைக் கவனியாது, வெற்றி தன் பைக்குள் என்ற இறுமாப்பில் தாய் கையெழுத்திட்டாள்.

சனிக்கிழமை, பூங்கா என்னும் போர்க்களம். உருப்பெருக்கிக் கண்ணாடியும் அளவுநாடாவும் குறிப்பேடும் அடங்கிய தோள்பையைத் தூணியெனத் தாங்கிவந்த தாய், ஒரே மரத்தடியில் செந்தீயன்ன இலையொன்றும் மஞ்சட்பொன் அன்ன இலையொன்றும் பொறுக்கி மகளின் மூக்குக்கு நேரே நீட்டி, ஒன்றும் அறியாதவள்போல் வானத்தைப் பார்த்து நின்றாள். துணுக்கின் வயிற்றில் பிறந்த ‘ஏன்’ மதங்கொண்ட யானையென மார்பை முட்டி, தொண்டையை இடித்து, பல்லில்லா வாயிலை நெருங்கிய வேளை, அவள் மஃப்ளரின் நுனியை அங்கே அடைத்து யானையைத் திருப்பி அனுப்பினாள். “அழகா இருக்கும்மா” என்றாள். அவ்வளவே.

பின்னர் குளக்கரையில் ஒற்றைக்கால் வாத்தும் வந்தது. அது இரண்டு கால் வாத்தாகும் வரை கண்ணை மூடிக்கொண்டு வென்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலையம். அங்கே சுவரில் வரிசையாகத் தொங்கிய செந்நிற வாளிகளின் அடிப்பாகம் பூசணிபோல் உருண்டிருக்கக் கண்டாள். ஐயகோ, உலகத்து வாளிகளெல்லாம் தட்டையாய் உட்கார, இவை மட்டும் இப்படி! தந்தையே உதடு திறந்து, நடுவர் என்ற நினைப்பு வந்து மூடிக்கொண்டார். துணுக்கு தந்திரம் செய்தாள்: “கீழ வெச்சா உருண்டுடுமே, அங்கிள்.”

“உருளும்தான்” என்றார் தீயணைப்பாளர். மேலே ஒரு சொல் உதிர்த்தாரில்லை.

விடை கிடையாத் துயரம் வாட்ட, வீடு திரும்பிய துணுக்கு மேசையில் கன்னம் வைத்து மௌனத்தில் ஆழ்ந்தாள். அரைமணி போயிற்று. இரண்டு நாளாக வினா விழாத வீடு, நீர் நின்ற குழாய்போல் தாயின் காதில் உறுத்தியது. சாளரத்தைச் சாத்தினாள், திறந்தாள். ஐந்து ஐம்பத்துமூன்றுக்கு மகளின் நெற்றியைத் தொட்டு, பதைத்த குரலில் கேட்டுவிட்டாள்:

“ஏண்டி இப்படி இருக்க? காய்ச்சலா?”

தந்தை அட்டவணையை எடுத்து ‘யார்’ மீது விரல் வைத்தார். தாய் இலக்கணத்தில் அரண் தேடினாள். “நான் சொன்னது ‘ஏண்டி’. அது மூணுசுழி. நீங்க எழுதினது ரெண்டுசுழி. அது வேற, இது வேற.”

துணுக்கு மெல்ல நிமிர்ந்தாள். “‘டி’ பக்கத்துல வந்து நின்னாதாம்மா மூணுசுழியாகும். நீதான் சொல்லிக் குடுத்த.”

“‘டி’யை வழியில இறக்கி விட்டுடு” என்று தீர்ப்பளித்தார் ஓட்டுநர். “அந்த ஒரு சுழியும் கூடவே இறங்கிடும். வண்டியில மிச்சம் என்ன?”

தாம் வார்த்த வாளாலேயே வீழ்ந்தோர் பலருண்டு. ஆனால் வீழ்ந்த இடத்தில் அமர்ந்து, மகளின் தலையைக் கோதி, கண்ணில் நீர் வரச் சிரித்த தோல்வியாளரை இப்புவி அன்றுதான் கண்டது.

மணி ஆறு அடித்ததும் அணை உடைந்தது. “அம்மா, அந்த வாளி ஏன் உருண்டையா இருக்கு?”

“அதெல்லாம் பாடம். செவ்வாய்க்கிழமை சொல்றேன். நாளைக்கு லீவு.”

வெற்றித்திருமகளின் முகம் வாடியது கண்டு திசைகள் எட்டும் திகைத்தன, கடல்கள் ஏழும் கைபிசைந்தன, காற்றும் தன் கடைசி இலையை உதிர்க்க மறந்தது.

திங்கட்கிழமை லீவு விட்டார்கள்; அவள் வழக்கம்போல வீட்டிலேயே இருந்தாள்.