நாற்பதைத் தாண்டாத வண்டி

எல்லப்பன் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தான். முள் நாற்பதில் நின்றது. மீன் கூடைகளோடு வந்த ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்து முந்திப் போனது. அதிலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"டர்போ வண்டி சாமி இது! நூறுல பறக்கணும்!"

"போறும் எல்லப்பா. அவளும் நாற்பதுக்கு மேல போக விடமாட்டா" என்றார் பின் இருக்கையில் இருந்த பட்டாபி. எல்லப்பனுக்குப் பக்கத்து முன் இருக்கை காலியாகத்தான் இருந்தது. அது அவர் மனைவி சாவித்ரி மாமியின் இடம். மாமி இறந்துபோய் ஒரு வருஷம் ஆகியும் அதில் யாரும் உட்காரக் கூடாது.

பட்டாபி திருவிடந்தைக் கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி போன பிறகு அவர் வண்டியைத் தொடவே இல்லை. உப்புக் காற்றில் நின்று நின்று எஞ்சின் இறுகிவிட்டது. "சரி பண்ணி வித்துட்டு எங்களோட வந்துடுங்கோப்பா" என்று பெங்களூரிலிருந்து மகன் அஸ்வத் சொல்லிவிட்டான். வாங்குவதற்கு ஆளும் அவனே பிடித்தான். வெள்ளிக்கிழமை வருகிறார்.

எல்லப்பன் கோவளத்தில் படகு எஞ்சின் பார்த்துக் கை தேர்ந்தவன். கார் மெக்கானிக் கடை போட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது. டர்போ எஞ்சினைத் தனியாகப் பிரித்துக் கோத்தது இதுதான் முதல் தடவை. "உனக்கு எதுக்குடா டர்போ?" என்று கேட்காத ஆளில்லை. இந்த வண்டி ஓடாவிட்டால் அவன் பேர் ரிப்பேர்தான்.

வேலை முடிந்த அன்று வண்டி சிட்டாகத்தான் பறந்தது. மறுநாளிலிருந்துதான் இந்த நாற்பது.

முதலில், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போவின் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். நாற்பது. டீசல் போதவில்லையோ என்று பம்ப்பைக் கூட்டிவைத்தான். முப்பத்தெட்டு. கூடவே கரும்புகை. கடைக்குப் பக்கத்தில் கருவாடு விற்கும் காசியம்மாள் காயப்போட்டிருந்த கருவாடெல்லாம் கரியாகிவிட்டது.

"டேய் எல்லப்பா! இத்த இன்னான்னு சொல்லிடா விப்பேன்?" என்று துடைப்பத்தோடு வந்து நின்றாள் அவள்.

புகை போக வழியில்லையோ என்று சைலென்சரைக் கழற்றினான். முப்பத்தைந்து. கல்யாணம் ஆகவேண்டும் என்று கழுத்தில் மாலையோடு திருவிடந்தைக் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்த ஒருவர், அந்தச் சத்தத்தில் எண்ணிக்கை மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாராம்.

பட்டாபி மட்டும் கோபப்படவே இல்லை. தினமும் மத்தியானம் வந்துவிடுவார். "நீ போய் சாப்ட்டுட்டு வா. நான் வண்டிகிட்ட ஒக்காந்திண்டிருக்கேன்" என்பார். திட்டியிருந்தால்கூட எல்லப்பனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷனை இப்படி அலைக்கழிக்கிறோமே என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தாண்டவராயன் வந்தார். மாமல்லபுரத்தில் லாட்ஜ் நடத்துபவர். வண்டியை எடுத்துப்போனவர் கால்மணியில் முகமெல்லாம் கரியோடு திரும்பினார்.

"இன்னாப்பா, என்னிய கழுத வாங்கவா வரச் சொன்னாங்க? மெக்கானிக்குன்னு போர்டு வேற!"

அவர் போன பிறகு எல்லப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணீர் வந்தது. வீம்போடு எழுந்து பானெட்டைத் தூக்கினான். எதை விட்டோம்? ஏர் ஃபில்டர் ஒன்றுதான். அதைத் தொடவே இல்லை. புதுசு போட்டது தன் கைதானே என்ற நம்பிக்கை.

மூடியைத் திறந்தான். காற்று போகும் வாயை அடைத்துக்கொண்டு அரக்கு நிறத்தில் ஒரு துணி.

கடல் மணல் புகாமலிருக்க, பிரித்த குழாய் வாயிலெல்லாம் துணி அடைப்பது அவன் வழக்கம். ஒன்றை எடுக்க மறந்துவிட்டான்!

"சாமி, மன்னிச்சுடு சாமி! என் தப்புதான். எஞ்சினுக்கு மூச்சு வுடவே வழியில்லாம பண்ட்டேன். இனிமே பறக்கும், பாரு!"

வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த பட்டாபி அந்தத் துணியையே பார்த்தார். பிறகு போய், காலியாக இருந்த முன் இருக்கையின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றார்.

டீ கொண்டுவந்த அம்சா, எல்லப்பனின் மனைவி, துணியை வாங்கிப் பிரித்தாள். நாலாக மடித்த புடவைத் துண்டு. பாச்சை உருண்டை வாசனை இன்னும் போகவில்லை.

"நம்ம கடத் துணி பனியன் வேஸ்ட்டாச்சே. இத்த வெச்சது நீ இல்லய்யா" என்றாள் மெதுவாக.

எல்லப்பன் பட்டாபியைப் பார்த்தான். அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அம்சா புடவைத் துண்டை மடிப்புக் கலையாமல் மறுபடி மடித்துப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"இருந்த எடத்துலயே வெச்சு மூடு. ஞாயித்துக்கெழம இன்னொருத்தரு வண்டி பாக்க வராராம்."