போனுக்குக் காட்டிய கற்பூரம்

கைபேசிக்குக் கற்பூரம் காட்டிய மனிதனை நீங்கள் பார்த்ததில்லை என்றால், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அது நான்தான்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேன் நான். மனைவி கல்பனா வாலாஜாபாத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் நசுங்கி அலுத்தவள், ஸ்கூட்டர் வாங்க இரண்டு வருடம் டியூஷன் எடுத்துப் பணம் சேர்த்திருந்தாள். அதைத்தான் "ரெண்டே மாசம் குடும்மா, ஸ்கூட்டர் என்னா, கார்லயே போவ" என்று வாங்கிக்கொண்டேன். (வாங்கும்போது என் முகத்தில் தியாகிக் களை இருந்ததாம்.)

போர்வெல் மோட்டார் செய்கிற, யாருமே கேள்விப்படாத ஒரு குட்டிக் கம்பெனியின் பங்குகளைப் பதினாறு ரூபாய் விலையில் வாங்கினேன். பதினெட்டு ஆனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடை முதலாளியைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டேன்.

ஒரு சனிக்கிழமை அறிவிப்பு வந்தது. கம்பெனி லட்சக்கணக்கில் புதுப் பங்குகள் வெளியிடப்போகிறது, விலை ஒன்பது ரூபாய்.

மாமனார் தறிக்காரர். தறியில் புதுப் பாவு ஏற்றினால் அவர் வீட்டில் கற்பூரம் காட்டிச் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள். புது நூல் ஏறினால் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். என் கண்ணுக்குப் புதுப் பங்கும் புதுப் பாவாகவே தெரிந்தது. மறுநாளே மாமனார், மாமியாரை வரவழைத்தேன். போனுக்குப் பொட்டு வைத்து (கேமரா மேலேயே), கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தேன்.

கல்பனா போனை வாங்கிப் படித்தாள்.

"ஏங்க, புதுசு ஒம்போது ரூபாய்க்கு கெடைக்கும்னா, உங்களுத பதினெட்டுக்கு எவன் வாங்குவான்?"

"கம்பெனி பெருசாவுதும்மா. உனக்கு மார்க்கெட் தெரியாது."

"லாபம் அதேதான் இருக்குது. பங்கு கேக்குற ஆளுதான் கூடிக்கினு போவுது."

"சும்மா இரும்மா, மாப்ள படிச்சவரு" என்றார் மாமனார், பொங்கலை வழித்தபடி. அந்த நம்பிக்கை இன்றும் என்னைக் குத்துகிறது.

திங்கட்கிழமை சந்தை திறந்தது. விற்கிறவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். வாங்க ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் விழலாம் என்று வரம்பு உண்டு. என் பங்கு அந்த வரம்பைத் தினமும் தவறாமல் தொட்டது. மூன்று வாரம் கழித்து, ஏழு ரூபாய்க்கு விற்றுத் தப்பித்தேன்.

"பாவு அறுந்தா பிணைச்சுக்கலாம் மாப்ள. இத என்னா பண்றது?" என்று மாமனார் உண்மையிலேயே கேட்டார். கல்பனா டிபன் பையோடு பஸ்ஸுக்கு நடந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

இப்போதும் மாமனார் வீட்டில் பாவு ஏற்றினால், முதல் கரண்டிப் பொங்கலை என் போனுக்குத்தான் நீட்டுகிறார்கள்.

போன மாதம் கல்பனா தன் தங்கைக்குக் கல்யாணப் புடவை எடுக்க எங்கள் கடைக்கு வந்தாள். பதினைந்து வருடப் பழக்கம், வாய் தானாக ஆரம்பித்தது. "இந்த டிசைன்ல ஒரே ஒரு பீஸ்தாம்மா. இதே மாதிரி இன்னும் பத்து நெய்ஞ்சு தள்ளிட்டா, இதுக்கு மதிப்பு ஏது?"

கல்பனா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கையிடம் திரும்பினாள்.

"நல்லா கேட்டுக்கோடி. தெனம் அவர் வாயால சொல்றது அவருக்கே புரியறதுக்கு, எனக்கு ஒரு ஸ்கூட்டர் செலவாச்சு."