லைன்மேன் வீட்டுப் பவளம்

எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் எந்த ஊரில் வேண்டுமானாலும் கரண்ட் போயிருக்கலாம். ஜவ்வாது மலையில் நான் குடியிருந்த ஊரில் மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் போனதே கிடையாது. கீழே ஆலங்காயத்தில் ஜனங்கள் விசிறி நின்று வியர்த்துக் கொட்டும்போதும் மேலே எங்களுக்கு விளக்கு எரியும். கீழே இல்லாத கரண்ட் மேலே எப்படி வரும் என்று கேட்காதீர்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் எங்கள் லைன்மேனைப் பார்த்திருந்தால் நீங்களும் இப்படித்தான் சொல்வீர்கள்.

இடி இடிக்கும்போதே அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார். கடமை உணர்ச்சி என்று நினைத்து நான்கூட முதலில் மெய்சிலிர்த்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் வீட்டில் ஒரு பவளம் இருந்தது. கரண்ட் நின்றால் அதற்கு மூச்சு முட்டும்.

நகைக்கடைப் பவளம் அல்ல. கடலில் உயிரோடு வளர்கிற மென்பவளம். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையில் அவருடைய அப்பாவின் வலையில் ஒரு கல்லோடு வந்தது. பார்ப்பதற்குப் பெரிய காளான் மாதிரி இருக்கும். அதன் தலை முழுக்க மல்லி மொக்கைவிடப் பொடியான பூக்கள். அவை பூக்கள் அல்ல, ஒவ்வொன்றும் ஓர் உயிர் என்பார் லைன்மேன். நல்ல வேளையில் அத்தனையும் விரிந்து தண்ணீரில் அசையும். மனசு சரியில்லாவிட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்.

சன்னல் கண்ணாடிகளை ஒட்டி அவரே செய்த தொட்டி. மேலே இரண்டு டியூப் லைட். பக்கத்தில் காற்றடிக்கிற சின்ன மோட்டார் இருபத்துநாலு மணி நேரமும் முனகிக்கொண்டிருக்கும். மார்கழிக் குளிரில் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தி அருகே ஒரு குண்டு பல்பும் எரியவிடுவார். வீட்டில் இருந்தது ஒரே கம்பளி. ஆகவே பவளம் கதகதப்பாகத் தூங்கும், லைன்மேன் பல்லைத் தந்தியடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.

ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் இரண்டு பால் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவருவார். ஒருமுறை ஆலங்காயத்தில் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கேனைத் தட்டினார்.

"இன்னாபா இது, பாலா?"

"கடலுங்க."

"இன்னாது?"

கண்டக்டர் மூடியைத் திறந்து ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்தார். முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. அதன்பின் மலை ஏறும்வரை அவர் எங்கள் பக்கமே வரவில்லை.

பவளத்தைப் பார்க்க ஊரே வரும். ஆனால் சட்டம் கடுமை. பீடி வாசலோடு அணைய வேண்டும். சோப்புக் கையால் தொட்டியைத் தொடக்கூடாது. சாமை அறுத்த கையோடு பக்கத்து வீட்டு வெள்ளச்சி அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"லைன்மேனு, இதுக்குத் துன்றதுக்கு இன்னா குடுப்ப?"

"வெளிச்சம்தான்க்கா சாப்பாடு. விளக்கு எரிஞ்சாப் போதும்."

"நெசமாவா? எங்க வூட்டுக்காரரையும் நாலு நாளு அந்த லைட்டுக்குக் கீழ குந்த வெச்சுப் பாரேன்."

அவருக்கு முன்னால் வந்த லைன்மேன்கள் யாரும் எங்கள் ஊரில் ஆறு மாதம் தாங்கியதில்லை. குளிரும் அட்டையும் விரட்டிவிடும். இவர் மட்டும் நிலைத்தார். "இது இங்க பிழைச்சா நானும் பிழைச்சிக்கிருவேன் தம்பி" என்பார். ஊருக்கும் இது தெரியும். பவளம் சவுக்கியமா என்று விசாரித்துவிட்டுத்தான் அவரைச் சவுக்கியமா என்று கேட்பார்கள்.

ஒரு கோடையில் தங்கை கல்யாணத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போனார். வனத்துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நான் அடுத்த வீட்டுக்காரன். பவளம் என் பொறுப்பு.

"கோடு போட்டிருக்கேன் பாரு. தண்ணி அதுக்குக் கீழ இறங்குனா ஊத்துத் தண்ணிய ஊத்தி நிரப்பிரு. வேற ஒண்ணும் பண்ணாத."

நான் படித்தவன் அல்லவா, சும்மா இருப்பேனா? கடலில் வாழ்கிற ஜீவனுக்கு வெறும் ஊற்றுத் தண்ணீரை ஊற்றினால் சப்பென்று ஆகிவிடாதா? குழம்பில் தண்ணீர் விட்டால் உப்பும் போடுவதுதானே வழக்கம்? தினமும் ஒரு சொம்பு தண்ணீரோடு ஒரு கைப்பிடி கல் உப்பையும் கரைத்து ஊற்றினேன். லைன்மேனுக்கே தோன்றாத யோசனை என்று எனக்குள் பெருமை வேறு.

ஆறாம் நாள் பூக்கள் உள்ளே போயின. பத்தாம் நாள் லைன்மேன் வந்தபோது அது நனைந்த பழைய செருப்புத் தோல் மாதிரி கவிழ்ந்து கிடந்தது.

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மூன்று நாள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருநாள் கரண்ட் போனது. ஏணியை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகிறவர் மாதிரி மெதுவாக நடந்தார். விளக்கு வர நான்கு மணி நேரம் ஆயிற்று.

"இன்னா சாரு, பவளம் பூட்டுச்சாமே? அப்ப அந்த ஆளும் பூடுவாரா?" என்று வெள்ளச்சி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் லைன்மேன் ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார்.

"தம்பி, டிரான்ஸ்பருக்கு ஒரு மனு இங்கிலீசுல எழுதிக் குடு. இந்த மலை அதுக்கு ஒத்துக்கல. என் ஆசைக்கு அதைக் கொண்டாந்து கொன்னுட்டேன்."

மனு எழுதுவதில் நான் அந்த மலைக்கே கெட்டிக்காரன். பேனாவைத் திறந்தேன். 'ரெஸ்பெக்டட் சர்' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எதிரே அந்த மனுஷர் செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், செய்தவன் அதற்கு இலக்கணப் பிழையில்லாமல் மனு எழுதுகிறேன். வெட்கமாக இருந்தது. பேனாவை மூடினேன்.

"அண்ணே... நான் உப்புப் போட்டேன்."

"எதுல?"

"தொட்டியில. தினமும் ஒரு கைப்பிடி."

அவர் எழுந்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஆளைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டியில் விரலை விட்டு நக்கிக்கொண்டிருக்கிறார்.

"அடப்பாவி, ஊறுகாயில்ல போட்டு வச்சிருக்க! தண்ணிதான்டா ஆவியாப் போவும். உப்பு எங்கடா போவும்? அது அங்கனயேதான் கிடக்கும்!"

"தப்புதான் அண்ணே."

"அப்ப மலை இல்ல! நானும் இல்ல! வெறும் உப்பு! இன்னும் அழுகல, உசிரு இருக்குடா!"

சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அதுவரை ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டதற்காக யாரும் என்னைக் கட்டிப்பிடித்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது.

அன்றே எல்லாத் தண்ணீரையும் மாற்றிவிடலாம் என்றேன். மறுபடியும் முந்திரிக்கொட்டை. "திடீர்னு மாத்துனா தாங்காது, பையப் பையத்தான்" என்றார். காலையில் ஒரு தம்ளர் எடுத்து ஒரு தம்ளர் ஊற்றுத் தண்ணீர், மாலையில் ஒரு தம்ளர். நான் ஊற்றுவேன், அவர் நக்கிப் பார்ப்பார். ஒரு வாரத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் அதன் மேலிருந்து மெழுகு மாதிரி ஒரு தோல் உரிந்து வந்தது. கதை முடிந்தது என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "சட்டை மாத்துதுடா" என்று கிசுகிசுத்தார் லைன்மேன்.

மறுநாள் காலை வெள்ளச்சி அக்காதான் முதலில் பார்த்தாள். ஓரத்தில் ஒரே ஒரு பூ வெளியே தலை நீட்டியிருந்தது. மத்தியானத்துக்குள் ஏழெட்டு. சாயங்காலம் எண்ண முடியவில்லை. வாசலில் பீடியை அணைத்துவிட்டு ஊரே வரிசையில் நின்றது.

இரண்டு மாதம் கழித்து அவருக்குத் திருப்பத்தூரில் மூன்று நாள் வேலை வந்தது. பவளத்தை வெள்ளச்சி அக்காவிடம் ஒப்படைப்பார் என்று நினைத்தேன். நேராக என் வீட்டுக்கு வந்து சாவியை நீட்டினார்.

"என்கிட்டயா அண்ணே?"

"வேற யார்கிட்ட? உப்புப் போட்டா என்னாவும்னு இந்த மலையில உனக்கு மட்டும்தானே தெரியும்?"

அந்த மூன்று நாளும் பயத்தில் நான் என் வீட்டுக் குழம்புக்குக்கூட உப்புப் போடவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ பொறுப்புகளைத் தந்திருக்கிறார்கள். என் தப்பைத் தெரிந்துகொண்டே என்னை நம்பியவர் அவர் ஒருவர்தான்.