பந்தயத் திடலில் ஒரு நீற்றுப்பூசணி

பயந்தவர்களுக்குத்தான் ஆபத்தான யோசனைகள் வரும். தைரியசாலிகள் பேசாமல் கதிரையில் சாய்ந்திருந்து சிப்ஸ் சாப்பிடுவார்கள். 2011இல், மேற்குச் சிட்னியின் ஓரத்தில் இருந்த ஒரு கார்ப் பந்தயத் திடலில், என் மனைவி சுகந்தி சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு யோசனை வந்தது.

எங்கள் மகள் யாழினிக்கு அப்போது பதினைந்து வயது. பக்கத்து வீட்டு ரொன், பழைய கார்களின் உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, இரும்புக் குழாயால் கூடு கட்டிப் பந்தயத்துக்கு விடுகிறவர். இவள் வயலின் வகுப்பு முடிந்த கையோடு அவருடைய கராஜுக்குப் போய்க் கார்ச் சில்லுக் கழற்றப் பழகினாள். (வயலின் நான் சொல்லிப் பழகினது. சில்லு அவளாகப் பழகினது. எது நன்றாக வந்தது என்று கேட்காதீர்கள்.) ஒரு வருடம் சிறுவர் பிரிவுக்குப் பயிற்சி எடுத்தாள். பெற்றோர் சம்மதத்துக்குச் சுகந்திதான் கையெழுத்துப் போட்டாள்.

“நீங்கள் அறுபதிலை போற ரோட்டிலை நாப்பதிலை போறனீங்கள். உங்களைக் கேட்டால் பிள்ளை சைக்கிளும் ஓடேலாது” என்றாள்.

முதல் பந்தயத்தன்று, இடத்தைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறும் என்று ரொன் எனக்குச் சுற்றிக் காட்டினார். (நல்ல எண்ணம்தான்.) முன்பு அது மாடு மேய்ந்த புல்வெளி. கிளப்காரர்கள் ஓய்வு நாட்களில் வந்து, களிமண் கொட்டி, வளைவுகளைச் சாய்த்து, முட்டை வடிவத்தில் பாதை போட்டார்களாம். புழுதி கிளம்பாமல் தண்ணீர் தெளிக்க ஒரு லொறி, வர்ணனையாளருக்கு ஒரு மரக் கோபுரம், போர்வையும் மடக்குக் கதிரையுமாகச் சனம் இருக்க ஒரு புல்மேடு. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. நான் கேள்வி கேட்காமல் இருந்திருக்கலாம்.

“இந்தச் சீமெந்துச் சுவர் முதலில் இருக்கவில்லை. கெவின் நேராகச் சிற்றுண்டிக் கடைக்குள் போனான். அதற்குப் பிறகு கட்டினோம்” என்றார் ரொன்.

“அந்த உயரமான கம்பி வேலி?”

“ஒரு சில்லு கழன்று பறந்து கழிப்பறைக் கூரையில் விழுந்தது. உள்ளே செயலாளர் இருந்தார்.”

“அம்புலன்ஸ் நிற்கிற இடம்?”

“அது டெனிஸ்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு, “இங்கே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான்” என்று பெருமையோடு முடித்தார்.

அடுத்து அங்கே கட்டப்போகும் எதற்கோ என் மகளின் பெயர்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

நல்லவேளையாக, காரின் பின்பெட்டியில் ஒரு நீற்றுப்பூசணி இருந்தது. காலையில் மேய்ஸ் ஹில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, பிளாக்டவுனில் வாங்கி, துளை போட்டு, குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து உள்ளே நிரப்பி வைத்திருந்தேன். கார் நிறுத்துமிடத்தில் கண்ணூறு, அதாவது கண் திருஷ்டி, கழித்து உடைப்பதாகத்தான் திட்டம். ஆனால் டெனிஸைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு, ஆபத்து எங்கேயோ அங்கேதான் உடைக்க வேண்டும் என்று தோன்றியது.

“என்னப்பா, எங்கை போறியள்?” என்றாள் சுகந்தி.

“சும்மா காத்து வாங்கப் போட்டு வாறன்.”

“பூசணிக்காயோடையோ?”

பூசணியை நாற்சந்தியில் உடைப்பது வழக்கம். முட்டை வடிவப் பாதையில் சந்திக்கு எங்கே போவது? கார்கள் பாதைக்குள் இறங்கும் வாசலைத் தேர்ந்தெடுத்தேன். குழுவினருக்கான கைப்பட்டி கட்டியிருந்ததால் யாரும் தடுக்கவில்லை. கார்கள் ஏற்கெனவே மெதுவாக வலம் வந்துகொண்டிருந்தன. கற்பூரம் கொளுத்தவில்லை. பெற்றோல் உள்ள இடம் என்ற அறிவு எனக்கு இருந்தது. (அன்றைக்கு இருந்த ஒரே அறிவு.) யாழினியின் நீலக் காரைப் பார்த்து மூன்று முறை சுற்றி, ஓங்கி அடித்தேன்.

தண்ணீர் லொறி சற்று முன்புதான் போயிருந்தது. பூசணி சேற்றில் ‘தொப்’பென்று விழுந்து, உடையாமல் இருந்தது. பிறகு ஆறுதலாக, அவசரமில்லாமல், உருளத் தொடங்கியது. வாசல், பாதையை நோக்கிச் சரிவாக இருப்பதை ரொன் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் பின்னால் ஓடினேன். அது என்னைவிட வேகமாக ஓடியது.

அந்த நேரம் பார்த்து வந்தது நீலக் கார். அதன் மூக்கில் மோதிப் பூசணி வெடித்தது.

கண்ணாடி இல்லாத கார் அது; முன்னால் கம்பி வலைதான். வலை சிவப்பு, கூரை சிவப்பு, உள்ளே ஹெல்மெட் சிவப்பு. அந்தக் குங்குமத்தை வாங்கியவன் நான், குழைத்தவன் நான். ஆனாலும் சிவப்பைக் கண்டதும் மூளை அதையெல்லாம் மறந்தது. “ஐயோ, என்ரை பிள்ளை” என்று கத்திக்கொண்டு வேலியில் ஏறினேன். ஏறியது நினைவிருக்கிறது. இறங்கியது நினைவில்லை.

கண் விழித்தபோது சிவப்பு விளக்குகள் எரிந்தன, கார்கள் எல்லாம் நின்றிருந்தன, அம்புலன்ஸ்காரர் என் நாடியைப் பிடித்திருந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாழினி மேலிருந்து பார்த்தாள்.

“அப்பா, ஆர் யூ சீரியஸ்?”

நரைத்த முடியுள்ள தலைமை நடுவர் அம்மா வந்து விதியைச் சொன்னார். ஒரு காரின் குழுவைச் சேர்ந்தவர் பாதையில் எதையாவது போட்டால், அந்தக் காரை விலக்கலாம். ஒரு வருடமாக நகக்கண்ணில் கிறீஸோடு பள்ளிக்குப் போன பிள்ளை, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தன் காரையே பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அவளுடைய நாளை உடைத்தது சுவரும் இல்லை, சில்லும் இல்லை, நான்.

சுகந்தி சிப்ஸ் பையோடு வந்து சேர்ந்தாள். இது ஒரு வேண்டுதல், ஓடுகிற எல்லாப் பிள்ளைகளும் பத்திரமாக வீடு திரும்புவதற்கு, என்று நடுவருக்கு விளங்கப்படுத்தினாள்.

“வேலை செய்யுமா?” என்று நடுவர் கேட்டார்.

“பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லைதானே. விழுந்தது இவர்தான்.”

நடுவர் என்னைப் பார்த்தார், பூசணித் துண்டுகளைப் பார்த்தார். யாழினி கடைசி வரிசையிலிருந்து புறப்படலாம். நான் பந்தயம் முடியும்வரை அம்புலன்ஸை விட்டு இறங்கக் கூடாது. அதுதான் தீர்ப்பு.

ஆகவே என் மகளின் முதல் பந்தயத்தை, டெனிஸின் புண்ணியத்தால் உண்டான இடத்தில் படுத்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் கேட்டேன். கடைசிக்கு முந்தின இடம். கடைசியாக வந்த பையனின் ரேடியேட்டரில் பூசணி விதை அடைத்திருந்ததாம்.

இன்றைக்கும் எங்கள் குசினிக்குள் பூசணிக்காய் வந்தால், யாழினி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட வருவாள். திடலின் வாசலில் மது, கண்ணாடிப் போத்தல், நாய் ஆகியவற்றைக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு பலகை இருக்கிறது. அதன் அடியில் புதுப் பெயின்ரில் ‘பூசணிக்காய்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்திருக்கிறார்கள். ரொன் இப்போதும் புதிய பெற்றோர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார். சுவர், கெவின். வேலி, சில்லு. பலகைக்கு முன்னால் வந்ததும், நான் பக்கத்தில் நின்றால், என் தோளில் கையை வைக்கிறார்.

“இது இவர்” என்கிறார். அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை.