பச்சை நிறத்துக்குள் எங்கள் தெரு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தையின் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். அந்த முழங்காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் "சரிங்க மாமா, பாக்கறேன் மாமா" என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நகர அலுவலகத்துக்காக நீங்கள் வரைந்த வரைபடத்தை எங்கள் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் பதினைந்து நிமிடத்தில் நடந்துபோகக்கூடிய இடமெல்லாம் பச்சை, அரைமணி ஆகும் இடம் மஞ்சள், அதற்கும் மேல் போனால் சிவப்பு. மை ஒற்றும் தாளில் ஒரு சொட்டு விட்டால் அது சீரான வட்டமாகவா பரவுகிறது? மடிப்பு வந்தால் நின்று, வழி கிடைத்தால் ஓடி, அதன் இஷ்டத்துக்குப் போகும். அப்படித்தான் உங்கள் பச்சையும் பரவியிருக்கிறது. அழகாகவே இருக்கிறது. அந்தப் பச்சையின் வால்நுனி எங்கள் தெருவையும் தொட்டுவிட்டது. பச்சைக்குள் இருப்பவர்களுக்குப் பேருந்து எதற்கு என்று முதல் தேதியிலிருந்து பதினேழாம் எண் பேருந்தை நிறுத்தப்போகிறார்களாம். வாரம் இரண்டு நாள் முழங்கால் பயிற்சிக்கு உங்கள் அத்தை அதில்தான் போய்வருகிறாள்.

சரி, மாப்பிள்ளை வரைந்தது தப்பாக இருக்காது, தப்பு நம் காலில்தான் இருக்கும் என்று திங்கட்கிழமை காலை உங்கள் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம். நாலாவது நிமிடம் வரைபடம் எங்களை நேராக மரமில்லுக்குள் போகச் சொன்னது. உள்ளே காலை வைத்தோம், காவல்காரர் ஓடிவந்தார். "யாருங்க? எங்க போறீங்க?" என்றார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். "இது மரமில்லுங்க" என்றார். வரைபடத்தில் வழி இருக்கிறதே என்று நீட்டிக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அப்ப மேப்புலயே போயிடுங்க" என்று கேட்டைச் சாத்திவிட்டார். சுற்றுச்சுவரை ஒட்டியே நடந்து ரயில் பாதைக்கு வந்தால் மேம்பாலம், ஏற நாற்பத்தெட்டு படி, இறங்க நாற்பத்தெட்டு படி. உங்கள் காகிதத்தில் அது அரை அங்குலக் கோடு. காகிதத்தில் படிக்கட்டு படுத்துக்கிடக்கிறது, நேரில் எழுந்து நிற்கிறது மாப்பிள்ளை. இருபதாவது படியில் உங்கள் அத்தை உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க, இப்ப நாம எந்தக் கலர்ல இருக்கோம்?" என்று கேட்டாள். பச்சையில்தான் என்றேன். "பச்சையிலயே இவ்வளவு மூச்சு வாங்குதே, சிவப்புல இருக்கிறவங்க கதி என்ன?" என்றாள். மருத்துவமனை வாசலில் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்தொரு நிமிடம். பயிற்சிக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது. வியாழக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மனிதன் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறான் என்று முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். அந்த மனிதனுக்கு முழங்காலே கிடையாது என்பது அந்தப் படிக்கட்டில்தான் தெரிந்தது.

மறுநாள் நகர அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் திரையில் எங்கள் தெருவைத் தேடிப் பார்த்து, "சார், நீங்க பச்சையில இருக்கீங்க. சந்தோஷப்படுங்க" என்றார். நாற்பத்தொரு நிமிடம் ஆனது என்றேன். "அது நீங்க போன நேரம் சார். இது போகக்கூடிய நேரம்" என்றார். இப்படி ஒரு விடையை எந்த மாணவன் எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அதற்கு மேல் அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. "உங்க தெரு கணக்குப்படி மஞ்சள்லதான் சார் வரணும். போன வருஷம் படிவம் குடுத்தோமே, அதுல உங்க தெருக்காரங்க பதினாலு வீடும் பத்து நிமிஷம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதான் பச்சையாயிடுச்சு."

வீடு வந்ததும் வராததுமாகப் பக்கத்து வீட்டுத் தையற்காரரைப் பிடித்துக்கொண்டேன். என்னப்பா எழுதிக் கொடுத்தீர்கள் என்றால், "நான் எங்க வாத்தியாரே படிச்சேன்? காட்டின எடத்துல கையெழுத்துப் போட்டேன்" என்கிறார். படிக்காமல் கையெழுத்துப் போடலாமா? வினாவை இரண்டு முறை படி, பிறகு பேனாவைத் தொடு என்று தலைதலையாக அடித்துக்கொண்டேனே, யாராவது கேட்டார்களா? எழுதியவன் எவனோ, அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும், இந்த வயதிலும் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவேன்.

ஆகவே மாப்பிள்ளை, பொறுப்பில்லாத ஒருவர் செய்த காரியத்துக்காக உங்கள் அத்தையின் முழங்கால் தண்டனை அனுபவிக்கக் கூடாது. முதல் தேதிக்குள் எங்கள் தெருவின் பச்சையை அழித்துவிடுங்கள். உங்கள் வேலை மேன்மேலும் உயரட்டும், என் மகள் சமையலில் கைவைக்கும் நாட்களில் உங்களுக்குப் பொறுமை பெருகட்டும் என்று இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன். உங்கள் அத்தை என் பழைய கோப்பிலிருந்து ஒரு கற்றையைக் கொண்டுவந்து முன்னால் போட்டு, "இது யாரு கையெழுத்துன்னு பாருங்க" என்றாள். போன வருடத்துப் படிவங்களின் நகல். பதினான்கும் நிரப்பியிருப்பது என் கையெழுத்தில். மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லி, படிவம் கொண்டுவந்தவரிடம் தெருவுக்கே நான் நிரப்பிக் கொடுத்தது மறந்துபோயிருந்தது. "மருத்துவமனைக்கு நடந்து செல்ல எத்தனை நிமிடம்?" என்று கேட்டிருக்கிறார்கள். 'நடந்து' என்ற சொல்லை நான் பார்க்கவே இல்லை. ஆனால் மனம்போனபடி எழுதவில்லை, கடிகாரம் பார்த்துத்தான் எழுதினேன். "ஆமா, பதினேழாம் நம்பர் பஸ்ல உக்காந்துக்கிட்டு" என்கிறாள் உங்கள் அத்தை.

மேலே எழுதியதில் முழங்காலையும் பேருந்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். திருத்திய படிவங்கள் பதினான்கையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த முறை வினாவை இரண்டு தடவை படித்தேன். தையற்காரருக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். இதைப் பற்றி நேரில் பேச வந்தால் பதினேழிலேயே வந்து இறங்குங்கள். மருத்துவமனை வாசலில் ஏறினால் பத்தே நிமிடம். என்னிடம் எழுத்துபூர்வமாகவே இருக்கிறது.