கரடி எண்பலகை கேட்ட கதை

ஒரு காட்டில் ஓர் எடைமேடை இருந்தது. சிங்கமும் இருந்தது. ஆனால் சிங்கத்தை நீங்கள் எத்தனையோ கதைகளில் பார்த்துச் சலித்திருப்பீர்கள். நான் எடைமேடையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அது தரையோடு தரையாகப் பதித்த பெரிய இரும்புத் தட்டு. புளியோ கிழங்கோ நெல்லிக்காயோ, ஒவ்வொரு குடும்பமும் தான் பொறுக்கியதில் முப்பது கிலோவைப் பங்குனி பிறப்பதற்குள் அந்த மேடையில் நிறுத்து அரசாங்கக் கிடங்கில் கொட்டிவிட வேண்டும். முழு எடை கொடுத்த குடும்பத்துக்குக் கோடையில் ஆலங்குட்டையில் தண்ணீர் குடிக்க முறை உண்டு. குறைந்தால் முறை கிடையாது. வறண்ட ஆற்றில் மணலைத் தோண்டி, ஊறுகிறதை நக்கிக்கொள்ளலாம். புளியையும் நெல்லிக்காயையும் வைத்துக்கொண்டு சிங்கம் என்ன செய்யும் என்று யாரும் கேட்டதில்லை. அரசாங்கம் என்றால் எதையாவது சேர்த்து வைக்கத்தான் செய்யும்.

மேடைக்குப் பக்கத்தில் ஓர் அறை. அறைக்குள் எடை காட்டும் மீட்டர். மீட்டருக்கு முன்னால் நாற்காலி, நாற்காலியில் நரி. எடை வைக்கிற மிருகத்துக்கு மீட்டர் தெரியாது, நரியின் முகம்தான் தெரியும். நரி சன்னல் வழியாக எடையைச் சொல்லும். மிருகம் தலையை ஆட்டிவிட்டுப் போகும்.

சடைச்சி என்ற கரடி மட்டும் தலையை ஆட்டவில்லை. அவள் புருஷன் மலைத்தேன் எடுக்கப் போனவன், திரும்பவில்லை. இரண்டு குட்டிகளை வைத்துக்கொண்டு தனியாக நெல்லி பொறுக்குகிறவள். போன கோடையில் எடை குறைந்துபோய் அவள் குட்டிகள் மணலை நக்கின. சின்னக் குட்டிக்கு நாக்கு வெடித்து ரத்தம் வந்தது. அதை அவளால் மறக்க முடியவில்லை.

இந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வியாபாரியின் கைத்தராசில் கூடையை நிறுத்துப் பார்த்துவிட்டே வந்தாள். முப்பத்தொரு கிலோ. மேடையில் வைத்தாள். நரி எட்டிப் பார்த்தது.

"இருபத்தஞ்சு."

"ஏனுங் கிளார்க்கு, சரியாப் பாத்துத்தான் சொல்றீங்ளா?"

"மீட்டர்ல இருக்கறதச் சொல்றேன்."

"அந்த மீட்டர நான் ஒரு தடவ பாத்துக்கறனுங்க."

"உள்ள வரப்படாது. வாசல்ல எழுதிப் போட்டிருக்குது பாரு."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நரி ஏமாற்றவில்லை. உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் மீட்டரில் இருபத்தைந்து என்றுதான் இருந்தது. நரி உள்ளதை உள்ளபடி சொல்லிச் சொல்லியே நரிப்புத்தி என்று பேர் வாங்கிக்கொண்டிருந்தது. நாளுக்கு நாள் அதற்கு மனசு விட்டுப் போயிற்று.

சடைச்சி நேராகச் சிங்கத்திடம் போனாள்.

"ராசா, நரி சொல்றத நம்ப முடியலீங்க. எடையை எங்க கண்ணால நாங்க பாக்கணும்."

"அதுக்கு?"

"மீட்டர்ல வர்ற எண்ணு வெளியில பெருசாத் தெரியற மாதிரி ஒரு டிஸ்ப்ளே மாட்டி வைங்க. டவுன் பக்கமெல்லாம் வச்சிருக்காங்களாம்."

சிங்கம் கொட்டாவி விட்டது. "மாட்டிக்குங்க. எனக்கென்ன வந்தது."

இந்த உத்தரவைக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டது நரிதான்.

டிஸ்ப்ளேயை எங்கே மாட்டுவது என்று கூட்டம் போட்டார்கள். யானைச் சங்கத் தலைவி வேழம்மாள், தன் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்றாள். முயல், தன் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்றது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மானுக்கு வசதி என்று குரங்கு சொன்னது. மானுக்கு மட்டும் என்ன சலுகை என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் மேடையை ஒட்டி நின்ற மருத மரத்தின் உச்சிக்கிளையில் மாட்டுவதாக முடிவானது. அங்கே வைத்தால் எல்லோருமே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒருவருக்கும் வசதியில்லாத இடம் என்பதால் அதுதான் நியாயமான இடம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

பக்கத்துக் காட்டுக் கம்பெனியிலிருந்து மரங்கொத்தி வந்தான். தொழில் தெரிந்தவன். ஓட்டை போட அவனுக்கு மெஷின் தேவையில்லை. பலகையைக் கிளையில் ஏற்றி இறுக்கினான். மீட்டரிலிருந்து மரம் வரைக்கும் ஒயரைக் குழாய்க்குள் விட்டுத் தரைக்கடியில் கொண்டுபோகப் போவதாகச் சொன்னான். உடனே எலிகள் கூட்டமாக வந்தன.

"எதுக்குக் குழாய்? எங்கமேல சந்தேகமா?"

"இல்லீங்க. மழைத்தண்ணி படாம இருக்கத்தானுங்க."

"அப்பச் சரி" என்று எலிகள் போய்விட்டன. அவை போனதும் மரங்கொத்தி குழாயின் இரண்டு முனைகளையும் நன்றாக அடைத்தான்.

முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் பலகையில் சின்னச் சின்னக் கோடுகள் மட்டும் வந்தன. மேடையில் நின்ற மான் பயந்துபோய், தனக்கு எடையே இல்லையா என்று கேட்டது. "ஒயர் ரெண்டு மாறிக் கெடக்குதுங்க" என்று மரங்கொத்தி மாற்றிச் செருகினான். இப்போது எண் வந்தது. ஆனால் வாய்க்கு வந்ததெல்லாம் வந்தது. முயல் ஏறி நின்றால் நாலாயிரத்துச் சொச்சம் என்று காட்டியது. கீழே இறங்கின முயலின் நடையே மாறிவிட்டது. வேழம்மாளைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றது.

"மீட்டர் ஒரு வேகத்துல பேசுது, டிஸ்ப்ளே வேற வேகத்துல கேக்குது. ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வரணுங்க" என்று மரங்கொத்தி செட்டிங்கைத் திறந்தான்.

"வேண்டாம், இப்படியே இருக்கட்டும்" என்று முயல் கத்தியது. வரிசையில் நின்ற பாதிப் பேருக்கு அதே எண்ணம்தான். மரங்கொத்தி காதில் வாங்காமல் வேகத்தைச் சரிசெய்தான். பலகையில் இரண்டே கிலோ என்று வந்தது. நல்லா இருந்ததைக் கெடுத்துவிட்டான் என்று முயல் அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தது. வெயிலிலும் தெரிய வேண்டுமென்று வெளிச்சத்தை உச்சத்துக்கு வைத்தார்கள். தூங்க முடியவில்லை என்று ஆந்தை மனு கொடுத்தது. மனு பெறப்பட்டது என்று பதில் போயிற்று.

அப்புறம் சோதனை நடந்தது. குரங்கு அறைக்குள் நின்று மீட்டரைப் படித்தது. மைனா வெளியே நின்று பலகையைப் படித்தது.

"உள்ள நாப்பது" என்றது குரங்கு.

"வெளிய நாப்பது" என்றது மைனா.

கூட்டம் கைதட்டியது. மறுபடி வைத்தார்கள், மறுபடி ஒன்றாகவே வந்தது, மறுபடி தட்டினார்கள். மீட்டரும் பலகையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க அந்தக் காடே திரண்டிருந்தது. மேடைமேல் நிஜத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சடைச்சிக்கும் தோன்றவில்லை. அவளும் தட்டினாள்.

தட்டிவிட்டு, பலகை கேட்டவள் என்ற உரிமையில் முதல் ஆளாகக் கூடையை வைத்தாள். உச்சிக்கிளையில் முறம் அளவு சிவப்பு எழுத்தில் இருபத்தைந்து என்று எரிந்தது.

நரி சன்னலை முழுசாகத் திறந்து வெளியே தலை நீட்டியது.

"நல்லாப் பாத்துக்க சடைச்சி. உங்கண்ணாலயே பாத்துக்க."

"கொறச்சலாக் கொண்டாந்துட்டுப் பாவம் கிளார்க்கத் திருடன்னு சொல்லிட்டாளே" என்றாள் வேழம்மாள். யானைக்கு மெதுவாகப் பேச வராது. சடைச்சிக்குக் காதெல்லாம் சுட்டது. முன்பெல்லாம் அவள் எடை நரிக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். இப்போது மலைக்கு அந்தப் பக்கம் மேய்கிறவர்களுக்கும் தெரிந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

மூட்டை கட்டிக்கொண்டிருந்த மரங்கொத்தி அவளிடம் வந்தான்.

"அக்கா, ஒயர் விடறப்பப் பாத்தனுங்க. தட்டுக்கடியில நாலு மூலையிலயும் கல்லு சொருகியிருக்குது. தட்டு கொஞ்சம் எறங்கினாத்தான் எடை தெரியும். கல்லு இருந்தா பாரத்துல கொஞ்சத்த அது வாங்கிக்கும். அப்பறம் எப்படிங்க சரியா வரும்?"

அந்தக் கல்லின் கதை அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேழம்மாள் மேடையில் ஏறியபோது தட்டு லேசாக அசைந்தது. அசைவதுதான் அதன் வேலை. ஆனால் வேழம்மாள் பயந்துவிட்டாள். ஆடுகிற மேடையில் எப்படி நம்பி ஏறுவது என்று சங்கத்திலிருந்து மனு போயிற்று. காடே சேர்ந்து நாலு மூலைக்கும் கல் கொடுத்து மேடையை ஆடாமல் நிறுத்தியது. முதல் கல்லைச் சிங்கத்தின் கையாலேயே வைத்து விழா நடத்தினார்கள். ஆற்றிலிருந்து நல்ல கல்லாகப் பார்த்துச் சுமந்து வந்தவர்களில் சடைச்சியும் ஒருத்தி.

"இத நீ அங்க சொல்லலாமல்ல?"

"எனக்கு டிஸ்ப்ளே மாட்டத்தானுங்க ஆர்டரு. மீட்டர்ல வர்றது இங்க வருதான்னு கேட்டாங்க, வருது. மேடை வேற கம்பெனிங்க" என்று சொல்லிவிட்டு மரங்கொத்தி பறந்து போனான்.

சடைச்சி நரியிடம் போய்க் கல்லை எடுக்கச் சொன்னாள்.

"அது ராசா வச்ச கல்லு. எடுக்கறதுன்னா ராசாதான் எடுக்கணும்."

"அவருகிட்டச் சொல்லுங்க."

"குனியோணுமே. வெக்கறதுக்குக் குனிஞ்ச ராசா எடுக்கறதுக்குக் குனிய மாட்டாரு."

வேழம்மாளிடம் போனாள். கல்லை எடுத்தால் யானைகள் யாரும் மேடைப்பக்கமே வரமாட்டோம் என்று வேழம்மாள் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் போக இடமில்லை. சடைச்சி வீட்டுக்கு வந்து குட்டிகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதாள். இன்னும் ஐந்து கிலோ நெல்லி பொறுக்க மரத்தில் காய் இல்லை. சின்னக் குட்டி, ஏன் அழுகிறாய் என்று கேட்டது. கண்ணில் தூசி என்றாள்.

கடைசி நாளன்று அதே கூடையோடு வரிசையில் நின்றாள். கெஞ்சிப் பார்க்கலாம் என்பதைத் தவிர அவளுக்கு ஒரு யோசனையும் இல்லை. அவள் முறை வந்தது. கூடையைத் தட்டில் வைத்தாள். இருபத்தைந்து எரிந்தது. மைனா அண்ணாந்து பார்த்தது. குரங்கு பார்த்தது. வேழம்மாள் துதிக்கையை நெற்றிக்குமேல் மடித்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். நரிகூட மீட்டரைப் பார்க்கவில்லை. வெளியே அவ்வளவு பெரிதாகத் தெரியும்போது உள்ளே எதற்குப் பார்க்க வேண்டும் என்று நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, அதுவும் உச்சிக்கிளையையே பார்த்துக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் நரி சன்னல் வழியாகக் கூடையைப் பார்க்கும், அதை வைத்த கையைப் பார்க்கும், கால் எங்கே இருக்கிறது என்றும் பார்க்கும். பின்னால் நிற்கிறவர்களும் அதையே பார்ப்பார்கள். இன்றைக்குக் கீழே பார்க்க ஒரு கண்கூட மிச்சமில்லை. சடைச்சிக்கு அது மெதுவாகத்தான் உறைத்தது.

வலது காலைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். லேசாக அழுத்தினாள்.

இருபத்தாறு, இருபத்தெட்டு என்று ஏறியது. முப்பத்தொன்று வந்ததும் அழுத்துவதை நிறுத்தினாள். அவள் நெல்லிக்காயின் எடை அதுதான். அதற்கு மேல் ஒரு காயளவுகூட அவள் மிதிக்கவில்லை. கல்லும் காலும் சேர்ந்து அந்த மேடை இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சரியான எடையைக் காட்டியது.

"முப்பத்தொண்ணு" என்று மைனா கூவியது. கைதட்டினார்கள். நரி பதிந்துகொண்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் வரிசையில் அவளுக்குப் பின்னால் காட்டுப்பன்றி நின்றது. பன்றிக்குக் கழுத்து மேலே நிமிராது. காடே மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது, வேறு வழியில்லாமல் அது கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது. தன் கூடையிலிருந்த கிழங்கில் பாதியை எடுத்துப் புதரில் ஒளித்துவிட்டு வந்து, முன்கால் இரண்டையும் தட்டின்மேல் வைத்து நின்றது. நாற்பது என்று எரிந்தது. பன்றிக்குக் கிடைத்த கைதட்டல் சடைச்சிக்குக்கூடக் கிடைக்கவில்லை.

பன்றி பெண்டாட்டியிடம் சொன்னது. பெண்டாட்டி பக்கத்துப் புதரில் சொன்னாள். சாயங்காலத்துக்குள் மான் கால் வைத்தது, முள்ளம்பன்றி வால் வைத்தது, வேழம்மாள் துதிக்கையைச் சும்மா ஓய்வுக்கு வைப்பதுபோல வைத்தாள். முயல் வெறும் கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு தன் மாமன் மச்சானையும் உள்ளே ஏற்றிக்கொண்டது. அந்த வருஷம் வந்ததுபோல வசூல் அந்தக் காட்டில் என்றைக்கும் வந்ததில்லை. எடை வெளிப்படையானதும் எல்லோரும் ஒழுங்காகிவிட்டார்கள் என்று சிங்கம் சொன்னது. நரிக்கு மாலை போட்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாக நல்ல பேர் கிடைத்ததில் நரி அழுதுவிட்டது.

கோடை வந்தது. சடைச்சியின் குட்டிகள் ஆலங்குட்டையில் இறங்கி வயிறு தரையில் இடிக்கும் வரைக்கும் குடித்தன. அவள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அவள் குடித்தாள்.

சித்திரையில் சிங்கம் கிடங்கைத் திறந்தது. முக்கால்வாசி காலி.

விசாரணை நடந்தது. ஒவ்வொரு மிருகமும், என் கண்ணால் பார்த்தேன், முழு எடை வந்தது என்று சாட்சி சொன்னது. ஒன்றுகூடப் பொய் சொல்லவில்லை. மரங்கொத்தியை வரவழைத்தார்கள். அவன் மீட்டரையும் பலகையையும் பார்த்துவிட்டு இரண்டும் சரியாக ஒத்துப்போவதாகச் சொன்னான். சரக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது, கிடங்குக்குள் போனபிறகு எலிகள் தின்றுவிட்டன என்று தீர்ப்பாயிற்று. எலிகள் மட்டும்தான் அந்த வருஷம் கால் வைக்காமல் நிறுத்தவை. ஓர் எலியின் காலை வைத்து அழுத்தினால் எண் மாறாது.

இனிமேல் இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று சிங்கம் கேட்டது. முதலில் மனு கொடுத்தவள் என்ற மரியாதைக்குச் சடைச்சியைத்தான் முன்னால் கூப்பிட்டார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"டிஸ்ப்ளே பத்தலீங்க ராசா. இதவிடப் பெருசா ஒண்ணு வாங்கி, இன்னும் கொஞ்சம் ஒசரமா மாட்டி வைங்க."

காடு முழுக்கக் கைதட்டியது.

நீதி: உண்மையை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் மாட்டி வையுங்கள். கீழே கால் வைக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.