உங்கள் தங்கை போர்வை கேட்டாள்

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீங்களும், அக்காவும், எந்தப் பேச்சை எடுத்தாலும் நடுவில் நீங்கள் கொண்டுவந்து நுழைக்கிற உங்கள் ஏ.சி.யும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் என்னை எப்போது பேச விட்டிருக்கிறீர்கள்? கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே உடைத்துவிடுகிறேன். நான் ஜெயித்துவிட்டேன், மச்சான். உங்கள் தங்கை அங்கே வரப்போவதில்லை. சனிக்கிழமை நீங்கள் பேருந்து நிலையத்துக்கு வந்து காத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

"அந்த வெந்த வீட்டுல எதுக்கும்மா கெடந்து அவிஞ்சுபோற, ரெண்டு மாசம் இங்க வந்து இரு" என்று நீங்கள் அவளைக் கூப்பிட்டதும், "மாப்பிள்ளை தனியாத்தான் இருக்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டதும் ஸ்பீக்கரில் என் காதிலும் விழுந்தது. என்ன கெட்டுப்போகும் என்று இப்போது சொல்கிறேன். போன வருஷம் அவள் உங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தபோது, இங்கே நான் வானொலியில் செய்தி வாசிக்கிற அம்மாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வணக்கம் சொன்னால் நானும் எழுந்து வணக்கம் சொன்னேன். ஓய்வு பெற்ற மனுஷனுக்குப் பத்து நாளே அந்தக் கதி என்றால் இரண்டு மாதத்தை நினைத்துப் பாருங்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தில்தான் அன்றைக்குப் போனைப் பிடுங்கி, "இதே வீட்டுல, இதே வெயில்ல, உங்க தங்கச்சியைப் போர்வை கேக்க வைக்கிறேன் பாருங்க" என்று சபதம் போட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். பக்கத்தில் அக்கா சிரித்ததும் கேட்டது.

மறுநாள் காலையில் கூலர் வாங்கப் புறப்பட்டேன். ஏ.சி. நம் வீட்டுக்கு ஒத்துவராது. வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். கூலர் அப்படியில்லை, தண்ணீர் ஊற்றி எந்த அறைக்கு வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போகலாம். முப்பத்தொரு வருஷம் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். இரண்டாயிரம் மூட்டை உருளைக்கிழங்கை ஒன்றுகூட முளைவிடாமல் காப்பாற்றியவனுக்கு ஒரு மனைவியைக் குளிர்விப்பது பெரிய காரியமா? கிடங்கு தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனேன். கடையில் முதலில் காட்டியது மேஜைமேல் வைக்கிற சின்ன ரகம். அதன் முன்னால் உட்கார்ந்தால் ஒரு கன்னம் மட்டும் குளிர்கிறது. மற்றக் கன்னத்துக்கு எழுந்து திரும்பி உட்கார வேண்டும். அடுத்தது பட்டறைகளுக்கு வைக்கிற ராட்சத ரகம். அதைப் போட்டதும் மேஜையில் இருந்த ரசீதுகள் எல்லாம் தெருவுக்குப் போய்விட்டன, கடைக்காரர் பின்னாலேயே ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் நான் மீதி ஆறு கூலர்களுக்கும் காய்ச்சல் பார்ப்பதுபோல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து முடித்துவிட்டேன். இதற்குள் கடையில் ஒரு கூட்டம் சேர்ந்து, "சார், நீங்க எதை வாங்குறீங்களோ அதையே எங்களுக்கும் போடச் சொல்லுங்க" என்று என் பின்னாலேயே வர ஆரம்பித்துவிட்டது. கடைசியில் நாற்பது லிட்டர் தொட்டி, மூன்று பக்கமும் தேனடை மாதிரி கண்கண்ணாக அட்டை, அடியில் சக்கரம் வைத்த நடுத்தர ரகத்தைத் தேர்ந்தெடுத்தேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் அதையே வாங்கினார்கள்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். "சார், இதை ஜன்னலை ஒட்டி வைங்க. முதுகு ஜன்னல் பக்கம் இருக்கணும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஜன்னல் தொறந்தே இருக்கட்டும். ஈரக்காத்து வெளிய போனாத்தான்..." என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். குளிரைப் பற்றி எனக்கே பாடமா? கிடங்கில் எனக்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். கதவு சார். எவனாவது கதவை அரை விரல்கடை திறந்துவைத்தால் போதும், "கதவு!" என்று நான் போடுகிற சத்தத்தில் லாரி ஓட்டுநர்கள்கூடத் தங்கள் வண்டிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குளிரை உண்டாக்கிவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதா?

ஆகவே வீட்டுக்கு வந்ததும் முன்னறையைக் கிடங்காக மாற்றினேன். இரண்டு ஜன்னலையும் சாத்தி, இடுக்கிலெல்லாம் செய்தித்தாளைப் பசை தடவி ஒட்டினேன். கதவுக்கு அடியில் பழைய போர்வையைச் சுருட்டித் திணித்தேன். தொட்டியில் தண்ணீரோடு ஐஸ் கட்டியும் போட்டு, உங்கள் தங்கையை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சுவிட்சைத் தட்டினேன். முப்பத்தேழில் இருந்த தெர்மாமீட்டர் ஒரு மணி நேரத்தில் இருபத்தொன்பதுக்கு வந்தது! நான் கை தட்டினேன். அவள் தட்டவில்லை, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வேர்க்குதுங்க" என்றாள். "இருபத்தொம்பதுல வேர்க்காது. தெர்மாமீட்டர் பொய் சொல்லாது" என்றேன். "அப்போ தெர்மாமீட்டருக்கு வேர்க்கலை, எனக்கு வேர்க்குது" என்றாள். ஐஸ் போதவில்லை என்று இன்னும் ஐஸ் போட்டேன். அடுத்த நாள் என் மூக்குக்கண்ணாடியில் பனி மூடியது. இது குளிருக்கு அடையாளம் என்று நாட்குறிப்பில் எழுதினேன். எழுதிய மை ஊறிப் பரவியது. மூன்றாம் நாள் அலமாரியில் இருந்த உப்பு தண்ணீராகிவிட்டது, தீப்பெட்டியில் ஒரு குச்சிகூடப் பற்றவில்லை, படிக்க எடுத்த செய்தித்தாள் துவைத்த துண்டு மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது. மேஜை இழுப்பறை ஊதிப்போய் இழுத்தால் வரவில்லை. பலமாக இழுத்தேன், மேஜை வந்தது. மாடியில் குடியிருக்கும் தையல்காரர் சத்தம் கேட்டு இறங்கி வந்து, கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்ல யாருக்கு சளி? ஆவி பிடிக்கிறீங்களா?" என்று விசாரித்தார். "கதவு!" என்று கத்தினேன். ஓடியே போய்விட்டார். ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன், கழுத்தளவை இறுக்கிவிடாமல் இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஆரம்பத் தடங்கல்கள். பெரிய வெற்றி எதுவும் முதல் நாளில் வந்துவிடுவதில்லை. நேற்று மத்தியானம் நான் ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்க்கிறேன், உங்கள் தங்கை நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு ஜன்னலில் ஒட்டியிருந்த காகிதத்தையெல்லாம் கிழித்துக்கொண்டிருக்கிறாள். "கதவு!" என்றேன், பழக்கதோஷம். "இது ஜன்னல். இது கிடங்கும் இல்லை, நான் உருளைக்கிழங்கும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்று இறங்கி வந்து, கூலரை உருட்டிக்கொண்டுபோய் அந்த ஜன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்தி, எதிர் ஜன்னலையும் படாரென்று திறந்தாள். மூன்று நாள் பாடுபட்டுச் சேர்த்த குளிரெல்லாம் தெருவுக்குப் போகிறதே என்று இரண்டு கையையும் விரித்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் முகத்தில் வந்து மோதியது பாருங்கள் ஒரு காற்று! திரைச்சீலை ஆடியது. சட்டை முதுகிலிருந்து பிரிந்தது. கால் மணி நேரத்தில் வேர்வை என்று ஒன்று இருந்த சுவடே இல்லை. தொட்டியில் வெறும் தண்ணீர்தான், ஐஸ்கூட இல்லை.

உங்கள் தங்கை தரையில் தலையணையைப் போட்டுப் படுத்தாள். இந்தக் கோடை பிறந்ததிலிருந்து அவள் பகலில் கண் மூடி நான் பார்க்கவில்லை, மச்சான். நேற்று வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றரை மணிக்குப் புரண்டு படுத்து, கண்ணைத் திறக்காமலே, "ஏங்க, அந்தப் போர்வையை எடுத்துப் போடுங்களேன்" என்றாள். கதவுக்கு அடியில் இருந்ததையே உருவி, உதறிப் போர்த்திவிட்டேன். நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். சாட்சி வேண்டுமென்றால் தையல்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

ஜன்னலைத் திறந்தது உங்கள் தங்கைதானே என்று கேட்பீர்கள். உங்கள் புத்தி எனக்குத் தெரியாதா? திறந்தது அவள்தான். ஆனால் அவள் திறப்பதற்கு வசதியாக அதை மூடி வைத்திருந்தது யார்? கூலரைத் தேர்ந்தெடுத்தது யார்? ஆகவே வெற்றி என்னுடையதே என்பதை நீங்கள் ஒப்புக்கொண்டு, சிரித்ததற்கு வருத்தமும் தெரிவித்து, பதில் எழுத வேண்டும். அக்காவும் தனியாக ஒரு வரி எழுத வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். ஏ.சி.யை என் சார்பில் ஒருமுறை அணைத்து வைக்கவும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ளதை முடித்துவிட்டு உறை எடுக்க உள்ளே போனேன். உங்கள் தங்கை கட்டில்மேல் பெட்டியைத் திறந்து வைத்துப் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன இது? வீடுதான் குளுந்துபோச்சே!" என்றேன். "அதனாலதாங்க போறேன். இந்த வெயில்ல உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வராமத்தான் அண்ணன்கிட்ட நாலு தடவை நாளைத் தள்ளிப் போட்டேன். இனிமே எனக்கு என்ன கவலை? ரெண்டு வேளை தண்ணி ஊத்துங்க, ஜன்னலைச் சாத்தாதீங்க" என்றாள். "நான் இல்லாதப்போ உங்களுக்கு வேர்க்கக் கூடாது" என்றும் சொன்னாள். ஆகவே சனிக்கிழமை பேருந்து நிலையத்துக்கு வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். வேறு கடிதம் எழுத நேரமில்லாததால் இதையே அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்; நீங்கள் இதைப் படிக்கும்போது அவள் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பாள். எப்போது திரும்புவாள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டு, அவள் சொல்கிற நாளை உடனே எனக்கு எழுதவும். இரண்டு நாள் குறைத்தே எழுதவும்.